இனம் என்ற கட்டம்

பெருங்குடி தாண்டி, விமான நிலையத்தின் பின்வாசல் அறை.
மேசைமேல் பத்தொன்பது காலுறைகள்,
ஒவ்வொன்றின் வாயிலும் இறுக்கிய ரப்பர் வளையம்,
ஒவ்வொன்றும் மெல்ல மூச்சுவிட்டது.
"பேரு மட்டும் சொல்லுங்க மேடம், போதும்.
இனம்னு ஒரு கட்டம் காலியா நிக்குது"
என்றார் சுங்கத்துறை அருளப்பன்.
நான் முதலில் தேநீர் கேட்டேன்.

முதல் காலுறையில் ஆரஞ்சு, அதன்மேல் கருந்திட்டு,
சாயப்பட்டறைத் தரைபோல.
அடுத்தது காப்பித்தூள்.
மூன்றாவது மழையில் வெளுத்த செங்கல்.
ஏழாவதற்குத் திட்டே கிடையாது.
பதினொன்றாவது, சாலையிலிருந்து பெயர்த்த தார்த்துண்டு.
"ஏழெட்டு வகை தேறும்" என்றார் காவலர்.
"விலையும் ஏழெட்டு சார்" என்றான்
மூலையில் குத்தவைத்திருந்த விஜயராகவன்.
கென்யாவில் ஜல்லி கம்பெனியில் மூன்று வருடமாம்.
கால் இரண்டும் வெறுங்கால்.
காலுறைகள் அவனுடையவை.

நிறம் முதலில் பொய் சொல்லும்.
ஒரே வயிற்றுக் குட்டிகள்
ஒன்று சிவந்தும் ஒன்று கறுத்தும் ஊர்வதைப் பார்த்தவள் நான்.
எனவே செதில்.
நடு உடம்பில், குறுக்காக, ஊசிமுனையால்
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது...
ஓடுதளத்தில் கொழும்பு விமானம் இறங்கியது.
ஜன்னல் அதிர்ந்தது. எண் நழுவியது.
மறுபடி ஒன்று.

ஐம்பது. ஐம்பத்து மூன்று. நாற்பத்தேழு.
ஒன்றுக்கு மட்டும் ஐம்பத்தாறு.
நம் பக்கத்து மண்ணுளிக்கும் ஐம்பத்தாறு வரும்.
இரண்டு ஊர் எல்லையில் நிற்கும் புளியமரம் அந்த எண்,
எந்த ஊர்க்காரன் உலுக்கினாலும் பழம் விழும்.

அப்புறம் வால்.
நம்முடையதற்கு வால் மழுங்கல்,
எது தலை என்று மண்ணுக்கே குழப்பம்.
இருதலை என்று சொல்லி மேலூர் லாட்ஜுகளில்
லட்சங்களில் பேரம் நடக்கும்.
இவற்றுக்கோ கேரட் நுனிபோலச் சட்டென்று முடிகிறது.
பதினெட்டுக்கு எழுதினேன்:
கிழக்கு ஆப்பிரிக்க மணல் பாம்பு.
அருளப்பன் முகத்தில் மின்விசிறி திரும்பியதுபோல் ஒரு நிம்மதி.

பத்தொன்பதாவதற்கு வால் மழுங்கல்.

லென்ஸை வைத்தேன். வால்நுனிச் செதில்கள்
உருகி ஒட்டிக்கிடந்தன. ஊதுபத்திச் சூடு.
யாரோ அதற்கு இரண்டாவது முகம் வரையப் பார்த்திருக்கிறார்கள்.
அப்படியென்றால் இந்த மழுங்கல்
பிறந்ததா, சுட்டதா?
வயிற்றுச் செதில் எண்ணினேன், முக்கால் மணி நேரம்.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
இங்கேயும் அந்தப் புளியமரம்.

"ரெண்டுல ஒண்ணு எழுதிருங்க மேடம், பாம்பு பாம்புதானே."
இல்லை.
ஒரு பெயருக்கு அபராதம்,
இன்னொரு பெயருக்குச் சிறை.
பாம்புக்கு இது தெரியாது.
அது என் கைக்கடிகாரத்தின் அடியில்
மூக்கால் முட்டி முட்டி மணல் தேடிக்கொண்டிருந்தது.

மல்லாத்தினேன். தாடைக்கு அடியில்
நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளக்கோடு.
மற்ற பதினெட்டுக்கும் அது இல்லை.
"மண்ணுளி" என்றேன். "இங்கத்தது."

"நைரோபி விமானத்துல எப்படி மேடம் இங்கத்தது?"

யாரும் பேசவில்லை. பிறகு மூலையிலிருந்து,
தரையைப் பார்த்தபடி, அவன்:
"போன தை மாசம் நாந்தான் கொண்டுபோனேன்.
சோழவந்தான் வாய்க்கால் கரையில பிடிச்சது.
அங்க ஒருத்தனும் வாங்கல.
விட்டுட்டு வர மனசு வரல."

எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமில்லை.
அருளப்பன் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.
"ஆணா, பெண்ணா?"

வால் தொடங்கும் இடத்தில் செதிலை விலக்கினேன்.
இரு பக்கமும் ஒவ்வொரு முள்,
அரிசிக் குருணை அளவு,
எப்போதோ காலாக இருந்ததன் மிச்சம்.
பதினெட்டுக்கும் அது இருந்தது. இதற்கும் இருந்தது.
வெளியே நாகமலை இருட்டிக்கொண்டு படுத்திருந்தது,
ஒரு செதிலும் எண்ணப்படாமல்.

ஆண், என்றேன்.
தேநீரில் ஆடை படிந்திருந்தது.